துறைமுகத்துப் பாட்டும் துறைகளின் மௌனமும்

ஈழத்துத் தமிழ் மெல்லிசையைப் பற்றிப் பேச்செழும் இடமெல்லாம் ஒரு பட்டத்தோடு தொடங்கி இன்னொரு பட்டத்தோடு முடிந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் தமிழ்ப் பொப் இசையின் தந்தை, ஏ. ஈ. மனோகரன் பொப் இசைச் சக்கரவர்த்தி. திருகோணமலைச் சகோதரர்களான எம். பி. பரமேஷும் எம். பி. கோணேஷும் ஈழத்து மெல்லிசை மன்னர்கள். தந்தை இருக்கிறார், சக்கரவர்த்தி இருக்கிறார், மன்னர்களும் இருக்கின்றனர். அவர்கள் ஆண்டதாகச் சொல்லப்படும் நாட்டின் நிலப்படத்தை மட்டும் எவரும் இதுவரை வரையவில்லை. எந்தப் பாட்டு எந்த ஆண்டில், எந்தக் கலையகத்தில், எவரெவருடைய வாத்தியத்தோடு ஒலிப்பதிவாயிற்று, எத்தனை தட்டுகள் அச்சாயின, எந்தக் கடையில் விற்றன என்ற வினாக்கள் எழும்போது பட்டங்கள் மௌனம் சாதிக்கின்றன. பட்டம் சூட்டியவர்களின் குற்றம் இதில் சிறிது. அறிவுத்துறையின் குற்றமே பெரிது.

திருகோணமலை பரமேஷின் ‘உனக்குத் தெரியுமா’ என்ற காதற்பாட்டைத் தாங்கிய இசைத்தட்டு, இலங்கைத் தமிழர் ஒருவர் தாமே இயற்றி, தாமே இசையமைத்து, தாமே பாடி வெளியிட்ட முதல் இசைத்தட்டு என்று இரசிகர்களால் அரை நூற்றாண்டாகக் கொண்டாடப்பட்டு வருகின்றது. ‘முதல்’ என்ற அச்சொல்லின்மேல் இரசிகர் கூட்டங்களுக்கிடையே நடக்கும் பூசலுக்குக் குறைவில்லை. ஆனால் அப்பூசலைத் தீர்க்கவல்ல சான்றினைத் தேடித் தரவேண்டிய தமிழ்த்துறைகளும் நுண்கலைத்துறைகளும் அப்படியொரு பூசல் நடப்பதையே அறியாதவை போல இருந்துவிட்டன. சங்கப் பாடல் ஒன்றின் திணை துறைக்காகப் பக்கம் பக்கமாக வாதிடும் புலமை, தன் காலத்திலேயே, தன் தீவிலேயே வெளிவந்த ஏழங்குல வட்டத்தட்டு ஒன்றின் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கவும் மனமற்றிருந்தது.

‘ஈழத்து மெல்லிசை மன்னர்கள்’ என்ற பட்டத்தையே முதலில் நோக்கலாம். ‘மெல்லிசை மன்னர்கள்’ என்பது தமிழ்நாட்டுத் திரையுலகில் விசுவநாதன் - இராமமூர்த்தி இரட்டையருக்குரிய பட்டம். அவ்விருவரும் 1965இல் பிரிந்தனர், பட்டம் பிரியவில்லை. கடல் கடந்து வந்த அதே பட்டத்தின் முன்னே ‘ஈழத்து’ என்ற அடையை ஒட்டிவைத்து இங்குள்ளோருக்கு வழங்கியது அன்பினால் நிகழ்ந்த செயலே எனினும், அந்த அன்புக்குள் ஒரு தாழ்வுணர்ச்சி ஒளிந்திருப்பதை மறுத்தற்கில்லை. அங்கே அசல் ஒன்று இருக்கிறது, இங்கே அதன் பிரதி ஒன்று கிடைத்திருக்கிறது என்பதே அப்பட்டத்தின் உட்பொருள். இரசிகன் இவ்வாறு எண்ணியதற்குக் காரணம் உண்டு. அவனுக்கு வேறு அளவுகோல் எதுவும் கொடுக்கப்படவில்லை. இந்தியாவில் பி. வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராயிருந்த காலத்தில், 1952 முதலாக அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை விலக்கிவைத்தபோது, அவற்றைப் பொழிந்து புகழ்கொண்டது இலங்கை வானொலி. அதன் வர்த்தக சேவை 1950இலேயே தொடங்கியிருந்தது. பாக்குநீரிணைக்கு அப்பால் கோடிக்கணக்கானோர் கேட்டுக் கொண்டாடிய நிலையம், தான் நிற்கும் மண்ணின் பாடகனுக்கு ஒதுக்கிய நேரமோ அதனோடு ஒப்பிடுமிடத்து மிகச் சொற்பம். அச்சொற்ப நேரத்துக்குள்ளும் இரா. முத்துசாமி, எம். கே. ரொக்சாமி, எஸ். கே. பரராஜசிங்கம் முதலியோர் ஈழத்துப் பாடல் என்று தனித்துச் சுட்டத்தக்க ஒன்றை உருவாக்க முனைந்தனர் என்பது அவர்களுடைய விடாமுயற்சிக்குச் சான்று. நிலையத்தின் தாராளத்துக்குச் சான்றன்று.

இந்நிலையில் வானொலியின் தயவுக்குக் காத்திராமல் தட்டு ஒன்றை வெளியிடுவது என்பது என்ன? இக்கேள்வியின் கனத்தை இன்றைய மாணவர் உணர்தல் அரிது. இன்று கணினி ஒன்றும் ஒலிவாங்கி ஒன்றும் உடையவன் தன் படுக்கையறையிலிருந்தே பாட்டினை உலகெங்கும் அனுப்பிவிடுகிறான். அன்றோ ஒலிப்பதிவு என்பது பாடகனும் வாத்தியக்காரரும் ஒரே அறையில் ஒரே வேளையில் கூடி, முதல் தாளத்திலிருந்து இறுதித் தாளம்வரை பிழையின்றி இசைத்து முடிக்கவேண்டிய காரியம். மேளக்காரன் ஓரிடத்தில் தடுமாறினால் அனைவரும் தொடக்கத்துக்குத் திரும்பவேண்டும். அவ்வாறு நாடாவிற் பதிந்த ஒலியை மெல்லிய அரக்குத்தட்டில் வெட்டி, அதற்கு உலோகப் பூச்சிட்டு, அதிலிருந்து அச்சு வார்த்து, சூடேறிய பிளாத்திக்கை அவ்வச்சுக்களிடையே அழுத்தியே தட்டு ஒன்று பிறந்தது. நிமிடத்துக்கு 45 தடவை சுழலும் அத்தகைய சிறுதட்டின் ஒரு பக்கத்தில் அடங்கக்கூடியது ஒரு பாட்டு. பள்ளத்தை நெருக்கி வெட்டினால் இரண்டு. ஒவ்வொரு படியிலும் பணம் தேவை. ஒலிப்பதிவு வசதியும் வானொலியும் வணிகமும் கொழும்பிலே குவிந்து கிடக்க, தீவின் கிழக்குக் கரையிலிருந்து இளைஞன் ஒருவன் இதனைக் கனவுகண்டான் என்பதே கவனத்துக்குரியது. வானொலி நாடாவை அழித்து அதன்மேல் வேறொன்றைப் பதியலாம். தட்டை அவ்வாறு அழித்தெழுத இயலாது. அதை வாங்கியவன் வீட்டில் அது அவனுடைய உடைமை. எவருடைய நிகழ்ச்சி நிரலையும் அது கேட்டுநிற்பதில்லை.

திருகோணமலையில் ஏன் இது முளைத்தது என்று வினவுவோர், துறைமுகத்தை முன்னிறுத்திப் பார்த்தல் வேண்டும். கோணேசர் கோயிலின் நாகசுரமும் தேவாரமும் ஒருபுறம். கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டு மற்றொருபுறம். கிண்ணியா, மூதூர் முஸ்லிம் ஊர்களின் பைத்துக்கள் குடாவுக்கு அப்பால். பாலையூற்றில் வாழ்ந்த போர்த்துக்கேயப் பறங்கியர் தம் கலப்பு மொழியோடு கபிறிஞ்ஞாவின் ஆட்டத்தையும் வயலினையும் மண்டலினையும் பேணி வந்தனர். பின்னாளில் பைலா என்று தீவெங்கும் பரந்த தாளத்தின் வேர்களுள் ஒன்று அது. இவற்றோடு பிரித்தானியக் கடற்படையின் தளமும் சேர்ந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டுவீசிய அத்தளம் 1957இலேயே இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. தளம் என்றால் பீரங்கி மட்டுமன்று: பித்தளை வாத்தியக் குழு, விடுதி நடனம், கப்பலில் வந்திறங்கிய தட்டுக்கள், மாலுமி கைமாற்றிய கிற்றார் எல்லாம் அதனோடு வருவன. உலகின் எத்துறைமுகத்தை எடுத்துக்கொண்டாலும் இதுவே கதை. லிவர்ப்பூல் நகரத்து இளைஞர் அமெரிக்கத் தட்டுக்களைக் கேட்டுத் தம் இசையை ஆக்கிக்கொண்டபோது அது நாகரிக வரலாறாகப் பாடநூலேறியது. சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளை அண்டிவாழ்ந்த தமிழ் இளைஞன் அவ்வாறே செய்தபோது ‘அந்நிய மோகம்’ என்று ஒரே சொல்லில் தள்ளப்பட்டான். இந்த நியாயம் எந்தத் தராசில் நிறுக்கப்பட்டது?

பல்கலைக்கழகப் புலமை நாட்டார் கலையைப் புறக்கணித்ததென்று சொல்ல இயலாது. அதுதான் இவ்விவகாரத்தை இன்னும் வியப்புக்குரியதாக்குகின்றது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துக்களை மாணவரைக் கொண்டு மேடையேற்றி, கிராமத்துக் களரியிலிருந்த ஆட்டத்தைக் கற்றோர் கண்முன் நிறுத்தினார். அதே தசாப்தத்தின் தொடக்கத்தில் பேச்சுவழக்கினை இழிசனர் வழக்கென்று பழித்த பண்டிதரோடு கைலாசபதியும் சிவத்தம்பியும் சார்ந்த முற்போக்கு அணி பொருதி, மக்கள் மொழிக்கு இலக்கியத்தில் இடம்பெற்றுத் தந்தது. கூத்துக்கு நீதி கிடைத்தது. கிராமத்துப் பேச்சுக்கும் நீதி கிடைத்தது. நகரத்துப் பாட்டு மட்டும் இரு தரப்பாராலும் கைவிடப்பட்டது. பண்டிதர்க்கு அதில் பண் இல்லை. முற்போக்காளர்க்கு அதில் போராட்டம் இல்லை. ஒருவரோடொருவர் எதிலும் ஒத்துப்போகாத இவ்விரு சாராரும் ஒரு தட்டினை இகழ்வதில் மட்டும் தோளோடு தோள் நின்றனர்.

சுவாமி விபுலாநந்தரின் பெயரை இங்கு நினைவூட்டுவது பொருந்தும். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் அவர். 1920களில் திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பை ஏற்றிருந்தவரும் அவரே. வழக்கொழிந்த யாழினை நூல்வழி உயிர்ப்பித்த அவரது ‘யாழ்நூல்’ 1947இல் வெளிவந்தது. அதன் பெருமையைப் பேசாத தமிழ்ச்சங்க மலர் எதுவும் இல்லை. ஆயினும் அதே விபுலாநந்தர் மட்டக்களப்பு வாவியிலே நிலவொளியில் எழுவதாகச் சொல்லப்படும் மீன்பாட்டினையும் ஆராய்வுக்குரிய இசையாகக் கொண்டு, நீரர மகளிர் பாடுவதாகக் கவிதை செய்தவர் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலர். வாவியின் மீன் எழுப்பும் ஒலிக்குச் செவிசாய்த்தார் அவர். அவருடைய பெயரைச் சொல்லி வாழும் புலமையோ, அவர் பணிபுரிந்த நகரின் மனிதர் எழுப்பிய ஒலிக்குச் செவியை மூடிக்கொண்டது. இறந்த வாத்தியத்தை ஆராய்வது பாண்டித்தியம், இருக்கும் வாத்தியத்தை ஆராய்வது பொழுதுபோக்கு என்ற பிரிப்பினை அவர் எங்கும் செய்யவில்லை.

இனி, தடைகூறுவோர் தம் கட்சியைப் பார்க்கலாம். அப்பாடல்கள் திரைமெட்டின் சாயலுடையன, அவற்றின் சொல்வளம் மெலிந்தது என்பர். இதில் உண்மை உண்டு. காதலியை நினைந்துருகும் சொற்கள் பல, தமிழ்த் திரைப்பாட்டின் கிடங்கிலிருந்தே எடுக்கப்பட்டவை. ஆனால் மெலிந்த பாட்டு ஆராய்ச்சிக்கு உதவாது என்ற விதி எங்கிருந்து வந்தது? சிற்றிலக்கியக் காலத்து மெலிந்த தூதுகளையும் அந்தாதிகளையும் பதிப்பித்து, ஏடு ஏடாகப் பாடபேதம் கண்டவர்களே இவ்விதியைச் சொல்வது நகைப்பை விளைக்கின்றது. செல்வாக்கு என்பதும் எப்போதும் ஒருவழிப் பாதையன்று. இலங்கையிலே பைலா மெட்டில் மனோகரன் பாடிப் பரப்பிய ‘சுராங்கனி’ 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்ற படத்தின் வழியே தமிழ்நாட்டுத் திரைக்குள் இளையராஜாவின் இசையில் நுழைந்தது. பிரதி என்று இகழப்பட்ட கரையிலிருந்து அசலின் கரைக்குச் சரக்கேறிய கப்பல் அது. அதைப் பற்றியேனும் ஓர் ஆய்வரங்கு நடந்திருக்கலாம்.

இன்னொரு தடை சற்றுக் கனதியானது. 1971இன் ஏப்ரல் கிளர்ச்சி, பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல், 1972இன் அரசியல் யாப்பு என்று இளைஞர் வாழ்வு குலைந்துகொண்டிருந்த வேளையில் காதற்பாட்டுத் தட்டு எதற்கு என்பதே அது. இவ்வாறு கேட்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: உரிமை மறுக்கப்பட்ட அந்த இளைஞனேதான் மாலையில் அந்தப் பாட்டையும் கேட்டான். அவனைப் பாதியாக வெட்டி, துண்டுப்பிரசுரம் வாசித்த பாதியை வரலாற்றுக்கும், பாட்டுக் கேட்ட பாதியைக் குப்பைக்கும் அனுப்பும் ஆராய்ச்சி எத்தகையது? வரலாற்றுப் பொருளாதாரம் பேசுவோர்க்கே உரிய செழும்பொருள் இத்தட்டுக்களில் அடங்கிக் கிடக்கின்றது. 1970இல் பதவியேற்ற அரசு அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதியை இறுக்கியபோது, தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரவு குன்றி உள்ளூர் வெளியீடுகளுக்குச் சந்தை பிறந்தது. ‘குத்துவிளக்கு’ 1972இலும் ‘பொன்மணி’ 1977இலும் திரைக்கு வந்தன. உள்ளூர்ப் பாட்டும் அக்காற்றிலேதான் பாய்விரித்தது. 1977இன் பின் கதவுகள் திறந்துவிடப்பட, ஒலிநாடாக் கருவிகள் வந்து குவிந்தன. ஒரு நாடாவிலிருந்து நூறு நாடா படியெடுக்கும் கடைகள் தெருத்தோறும் எழுந்தன. தட்டு வெளியிட்டோரின் கணக்குப் புத்தகம் மூடப்பட்டது. கொள்கை மாற்றம் ஒன்று கலையொன்றின் கழுத்தை எவ்வாறு பிடிக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. பொருளியல் பயிலும் மாணவர் ஒருவர்க்கேனும் இவ்விடயம் எந்த மேற்பார்வையாளராலும் கொடுக்கப்பட்டதுண்டா?

சிங்கள இசையோடு ஒப்புநோக்குதல் கசப்பானதே, தவிர்க்கவும் இயலாதது. ஜெரால்ட் விக்கிரமசூரியவின் ‘சூரியா’ முத்திரையின் கீழ் 1960களின் பிற்பகுதியிலிருந்து வெளிவந்த தட்டுக்கள், கிளாரன்ஸ் விஜயவர்தன, மூன்ஸ்டோன்ஸ் குழுவினர் ஆகியோரின் கிற்றார் இசையைச் சிங்கள இளைஞர் உலகுக்குள் கொண்டுசென்றன. அத்தட்டுக்களும் தொடக்கத்தில் சாத்திரிய இசைவாணரால் இகழப்பட்டவையே. பின்னர் அவை மீள வெளியிடப்பட்டன. அவற்றைப் பற்றி எழுதப்பட்டது. ஒரு தலைமுறையின் நினைவாக அவை ஏற்கப்பட்டன. தமிழர் பக்கத்திலே போர் வந்தது, வீடுகள் எரிந்தன, குடும்பங்கள் கடல் கடந்தன என்பர். உண்மை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983இன் பின் திருகோணமலையின் பல வீடுகளில் தட்டு என்ன, தட்டு வைத்த அலுமாரியும் எஞ்சவில்லை. பரமேஷும் ஜெர்மனிக்குப் புலம்பெயர்ந்தார். ஆனால் போர் அழித்ததைப் பற்றி அழுவதற்கு முன், போருக்கு முற்பட்ட அமைதியான ஆண்டுகளில் என்ன சேர்க்கப்பட்டது என்று கேட்கவேண்டும். சேர்க்காதவற்றை எவரும் எரிக்கவில்லை.

இவ்விடத்தில் சட்டமும் குற்றவாளிக் கூண்டில் ஏறவேண்டியதே. அச்சகத்தாரையும் வெளியீட்டாளரையும் பற்றிய கட்டளைச் சட்டம் 1885இல் இயற்றப்பட்டது. அதன்படி தீவில் அச்சான நூலின் பிரதிகள் அரசிடம் ஒப்படைக்கப்படல் வேண்டும். திருகோணமலையிலே அச்சான நாலுபக்கச் சரமகவிக்கும் அரசின் பதிவேட்டில் இடமுண்டு. ஆயிரம் வீடுகளில் ஒலித்த தட்டுக்கு அவ்வேட்டில் இடமில்லை, ஏனெனில் எடிசனின் கருவி தோன்றி எட்டாண்டே கழிந்திருந்த வேளையில் எழுந்த அச்சட்டம் எழுத்தையே கருதியது. காலனித்துவ அரசு அவ்வாறு கருதியதை மன்னிக்கலாம். விந்தை என்னவெனில், அதே அரசின் கிழக்கு மாகாண அலுவலர்களுள் ஒருவரான ஹியூ நெவில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பறங்கியரின் கலப்புமொழிப் பாட்டுக்களைக் கையெழுத்தாகச் சேகரித்துவைத்தார். அவை இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. அமெரிக்க அறிஞர் கென்னத் டேவிட் ஜக்சன் அவற்றையும் துணைக்கொண்டே 1990இல் தம் நூலை வெளியிட்டார். கிழக்குக் கரையில் மிகச் சிறுபான்மையினரான ஒரு சமூகத்தின் பாட்டுக்கு அந்நியர் இருவர் செய்ததை, பெரும்பான்மையாகத் தமிழ் பேசும் அக்கரையின் பாட்டுக்குத் தமிழறிஞர் செய்யவில்லை. திரைப்பட வரலாற்றுக்காவது தம்பிஐயா தேவதாஸ் போன்ற ஒருவர் வாய்த்து, பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்று செய்திகளைத் திரட்டி நூலாக்கினார். தட்டுக்கு அத்தகைய ஒருவரும் வாய்க்கவில்லை.

இரசிகர்களும் இதில் தப்பமுடியாது. புலம்பெயர் நாடுகளிலே மாலையிட்டு, பொன்னாடை போர்த்தி, பழைய பாட்டை இன்னொருமுறை பாடவைத்துக் கைதட்டி அனுப்பும் விழாக்கள் பல நடக்கின்றன. அவ்விழாவுக்கு வரும் முதுகலைஞரிடம் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை முன்வைத்து, அன்று வயலின் வாசித்தவர் யார், கூலி எவ்வளவு, தட்டின் உறையை வரைந்தவர் யார் என்று இரண்டு மணிநேரம் கேட்டு எழுதிக்கொள்பவர் மிகக் குறைவு. பொன்னாடைகள் அலுமாரிகளில் குவிகின்றன. செய்திகள் சுடலைக்குப் போகின்றன. மனோகரன் 2018 சனவரியில் சென்னையில் மறைந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிகளுட் பல ‘சுராங்கனி’யைத் தாண்டவில்லை. எழுதியவர்களுக்கு அதற்கு அப்பால் எட்டிப் பார்க்க எந்தக் கைநூலும் இருக்கவில்லை.

இன்று இப்பணிக்குத் தடையென்று சொல்லத்தக்கது எதுவும் பெரிதாக இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஒலிப்பதிவு ஒன்றின் தயாரிப்பாளருக்குரிய பாதுகாப்பு, வெளியிட்ட ஆண்டிலிருந்து ஐம்பது ஆண்டுகளே. பாடலை ஆக்கியவரின் உரிமை அதனின் வேறானது. அது அவர் ஆயுட்காலத்தின் பின்னும் எழுபது ஆண்டு நீடிப்பது, அதற்கு அவரிடமோ அவர் குடும்பத்திடமோ அனுமதி கேட்டேயாகவேண்டும். ஆனால் 1970களின் தொடக்கத்துத் தட்டுக்களைப் பொறுத்தவரை, மூடிப்போன கொம்பனிகளின் வாரிசுகளைத் தேடி அலையவேண்டிய நிலை நீங்கிவிட்டது. தட்டு பிளாத்திக்கினால் ஆனது. வெயிலில் வளையும், ஊசியில் தேயும், ஆயினும் தாளைப்போலச் செல்லரிப்பதில்லை. நூலகம் நிறுவனம் போன்ற தன்னார்வ அமைப்புகள் நூலையும் சஞ்சிகையையும் எண்ணிமப்படுத்தி வழிகாட்டியுள்ளன. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இயங்குகின்றது; அங்கே தொடர்பாடல் கற்கைகளுக்கென்று ஒரு பீடமே உண்டு. மேலைநாட்டுத் தொடர்பாடல் கோட்பாட்டாளரின் பெயர்களை ஒப்புவிக்கும் அவ்வளாகத்து மாணவர், உவர்மலையிலும் பாலையூற்றிலும் இன்னும் வாழும் முதியோரின் பரண்களை ஒரு விடுமுறைக்குள் தேடி முடிக்கலாம்.

அவர்கள் தேடவேண்டியது பாட்டை மட்டுமன்று. ஒவ்வொரு தட்டிலும் பாட்டு முடிந்து ஊசி உள்நோக்கி ஓடும் வெற்றுப் பகுதியில், அச்சு வார்த்தவர் பொறித்த எண் ஒன்று இருக்கும். முகப்புத்தாள் கிழிந்துபோன தட்டிலும் அவ்வெண் அழிவதில்லை. எந்த ஆலை, எந்த வரிசை, எத்தனையாவது வெட்டு என்பதை அதிலிருந்து உய்த்தறியலாம். ‘முதல்’ எது என்ற பூசல் தீர்வதாயின், அது மேடைப் பேச்சால் தீரப்போவதில்லை. அந்த எண்களை வரிசைப்படுத்திய ஒரு பட்டியல் வேண்டும். அப்பட்டியலின் முதல் வரியை எழுதுவதற்கு ஒரு தட்டும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் போதும்.